குறிப்பேட்டுக்கு ஒரு விலாசம்: ஐந்து மாதம், 2,561 ரூபாய்

நேற்று காலை 7:10-க்கு ஒரு பழுதுக் குறிப்பைத் திருத்தி முடித்துச் சேமித்தேன். 7:12-க்கு அது என் சொந்த இணையதளத்தில், கைப்பேசியில் திறந்தது. இந்த இரண்டு நிமிடம் கிடைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம் தப்பான வேலை. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கோத்தகிரியில் சின்னக் கடை எனக்கு. எலக்ட்ரானிக் தராசு, இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், தேயிலை ஆலைகளின் கன்ட்ரோல் போர்டு, இவைதான் பிழைப்பு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் 80 பக்க நோட்டில் எழுதி வைப்பது பழக்கம்: என்ன பழுது, எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எதை மாற்றினேன், எவ்வளவு ஆனது. ஒன்பது நோட்டு சேர்ந்திருந்தது. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம், தகரக் கூரையில் ஆணி தளர்ந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, மேல்தட்டில் இருந்த மூன்று நோட்டு ஊறிப் போயின.

அதே வாரம் இலை வாங்கும் சென்டரிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, போன வருஷம் ஒரு லோட் செல் மாத்திக் குடுத்தீங்களே, அதுல எந்த வயர் எங்க போகுது? எலி கடிச்சு வெச்சிருக்கு, கலரே தெரியல." லோட் செல் என்பது தராசுக்குள் எடையை உணரும் பாகம். நோட்டைத் திறந்தேன். ஜெல் பேனா மை பக்கம் முழுக்க நீலமாகப் பரவி, "சிவப்பு +" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அது அவருக்கே தெரியும்.

போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். நான்கு வயரையும் எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, இரண்டு இரண்டாக ஆறு ஜோடியும் அளக்க வேண்டும். நம் பக்கம் அதிகம் வரும் வகை லோட் செல்லில் எல்லாவற்றையும் விட அதிகமாக, 400 ஓமைச் சுற்றிக் காட்டுகிற ஜோடி சப்ளை. 350-ஐ ஒட்டிக் காட்டுவது சிக்னல். மாட்டிய பிறகு மூட்டையை வைத்ததும் எடை மைனஸில் போனால் சிக்னல் வயர் இரண்டையும் இடம் மாற்றினால் சரி. இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆலைச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்லி முடிக்க 40 நிமிடம் ஆனது. இதை அவரே எடுத்துப் பார்க்கிற ஓர் இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று அன்றைக்குத்தான் மறுபடி தோன்றியது.

மறுபடி என்கிறேன், ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்பே ஓர் இலவசச் சேவையில் 14 குறிப்பு எழுதியிருந்தேன். அந்தச் சேவையை மூடப் போவதாக அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், நான் திறக்காத பழைய பெட்டியில் போய் விழுந்திருக்கிறது. பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு மாதம். அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. அவ்வளவு பெரிய வீடுகளே இடிபடும்போது என் 14 குறிப்பு எம்மாத்திரம். பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு.

அக்கா மகள் கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளைக் கேட்டேன். "மாமா, பிளாக்கர்ல போட்டுருங்க, பத்து நிமிஷ வேலை" என்றாள். தப்பான யோசனை இல்லை. பிளாக்கர் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது. இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் அங்கிருந்து கிளம்பியவர்கள்தான். ஆனால் எனக்கு வேறு ஒரு வீம்பு வந்துவிட்டது. பழுது பார்க்கிறவன் வீட்டில் இல்லாத சாமானா? ராஸ்பெர்ரி பை 3 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் ஒன்று மேசை அறையில் சும்மா கிடந்தது. இனி பை என்றால் அதுதான். வீட்டிலேயே ஓட்டுவோம், யாரும் மூட முடியாது என்று நினைத்தேன். மூன்று மாதம் போனது இங்கேதான்.

முதல் நாள் நன்றாக வந்தது. 32 ஜிபி எஸ்டி கார்டு, அதில் ஒரு சின்ன வெப் சர்வர், அதாவது கேட்பவருக்குப் பக்கத்தை அனுப்பும் நிரல். யூஎஸ்பி மீட்டரில் 5.1 வோல்ட், 0.32 ஆம்பியர், அதாவது 1.6 வாட் சொச்சம். மாதம் முழுக்க ஓடினாலும் ஒன்றே கால் யூனிட்டைத் தாண்டாது. வீட்டு வைஃபையில் பக்கம் பளிச்சென்று திறந்தது. கடைக்குப் போய்க் கைப்பேசியில் திறந்தால் ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்துவிட்டேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ரவுட்டரையே ரீசெட் செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதில் போனது. ரவுட்டரில் வெளி இணைப்பின் விவரம் காட்டும் வான் (WAN) பக்கத்தைப் படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பியதும் பதில் வந்தது. "மாமா, ஐபி 100-ல ஆரம்பிக்குது பாருங்க. உங்க ரவுட்டர் மேல தப்பு இல்ல." ஐபி என்பது இணைய முகவரி எண். அதில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இணைய நிறுவனம் தன் பின்னால் நிறையப் பேரை ஒரே பொது முகவரியில் அடைத்து வைக்கப் பயன்படுத்துபவை. ஒரு லைன் வீட்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது போல. வெளியிலிருந்து வருகிறவருக்கு என் அறை எது என்று தெரியாது. தனி முகவரி வேண்டும் என்று கேட்டதற்கு ஆண்டுக்கு 2,000-க்கு மேல் சொன்னார்கள். அதற்குப் பதில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் டனல் போட்டேன். பையே உள்ளிருந்து வெளியே ஒரு குழாய் போட்டுக்கொள்ளும். வருகிறவர்கள் அந்தக் குழாய் வழியாக வருவார்கள். காசு இல்லை, வேலையும் செய்தது.

நவம்பர் மூன்றாம் வாரம் மழையோடு கரண்ட் வந்து வந்து போனது. ஒரே நாளில் ஆறு தடவை. மாலையில் பார்த்தால் பையின் பச்சை விளக்கு அசையவே இல்லை. கார்டு பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பே குழம்பிவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆள் நான். என் பையைச் சாதாரண சார்ஜரில் மாட்டி வைத்திருந்தேன். நேராக அதிலேயே உட்கார்ந்து எழுதிய நான்கு குறிப்பு போயே போயிற்று.

சரி என்று பேட்டரி கட்டினேன். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத) பேட்டரி 950 ரூபாய், அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்க பக் கன்வர்ட்டர் 90, பிளாஸ்டிக் பெட்டி 150, இரண்டு புது எஸ்டி கார்டு 900. ரவுட்டரையும் அதிலேயே இணைத்தேன். அது 12 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது பையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கணக்குப்படி ஒன்பது மணி நேரம் தாங்க வேண்டும். டிசம்பர் குளிரில் ஆறரை மணி நேரம் தாங்கியது. குளிரில் பேட்டரி கொஞ்சம் குறைத்துத்தான் தரும், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் வேறு. அடுத்த மின்வெட்டில் என் வீட்டில் பை எரிகிறது, ரவுட்டர் எரிகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை. ஃபைபர் வயரைப் பிடித்துக்கொண்டே கேபிள்காரர் வீடு வரை நடந்தேன். அவர் வீட்டு மாடியில் இருக்கிற பெட்டிக்கும் கரண்ட் இல்லை, அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. என் பெட்டிக்குள் நான் எத்தனை ஆம்பியர் சேர்த்தாலும் அவர் மாடிக்குப் போகாது. மழை நாளில்தான் தேயிலை ஆலையில் போர்டு அதிகம் கெடும். அதே மழை நாளில்தான் என் குறிப்பும் தூங்கும். ஜனவரி இரண்டாம் வாரம் பையைக் கழற்றினேன். பேட்டரி இப்போது கடை விளக்குக்கு.

இதற்கு அப்புறம்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். என் குறிப்பைப் படிக்கப் போகிறவர் யார், எங்கே நிற்பார்? ஆலைக்குள் இலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கையெல்லாம் கிரீஸோடு, ஒரே ஒரு கோடு சிக்னலில் நிற்கிற ஃபிட்டர். எனவே ஒரே லோட் செல் குறிப்பை மூன்று இடத்தில் ஏற்றினேன்: இலவசமாக எழுத விடும் தளங்கள் இரண்டில் ஒவ்வொன்று, மூன்றாவது, இணையப் பக்கங்களின் மொழியான ஹெச்டிஎம்எல்லில் வெறும் கோப்பாக. தெரிந்த ஆலை ஒன்றில் அனுமதி வாங்கி, ட்ரையர் அருகே நின்று, ஒவ்வொன்றையும் மூன்று தடவை திறந்து ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். முதல் தளம் சராசரி 41 விநாடி. இரண்டாவது 28, அதுவும் மேலே ஒரு விளம்பரம், கீழே "கணக்கு தொடங்குங்கள்" என்று பாதித் திரையை மூடும் பலகை. வெறும் கோப்பு 6 விநாடி. குறிப்பு ஒன்றுதான், கூடவே வந்த அலங்காரம்தான் அவ்வளவு எடை. முதல் தளத்தில் பக்கம் 2.8 எம்பி, என் கோப்பு படம் சேர்த்து 140 கேபி.

தமிழ் எழுத்துருவைக்கூட நான் சேர்க்கவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் விண்டோஸிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகான எழுத்துரு ஒன்று போட வேண்டும் என்ற ஆசையை அந்த ட்ரையர் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆக, கோப்பாகவே எழுதி, கோப்பாகவே வைப்பது என்று முடிவானது. எழுதும் உரையை ஹெச்டிஎம்எல்லாக மாற்ற ஹ்யூகோ என்ற நிரல். அதே வேலை செய்யும் ஜெக்கிலையும் பார்த்தேன், அதற்கு ரூபி என்ற நிரல் மொழி, அதன் உப பொருட்கள் என்று நீண்டது. ஹ்யூகோ ஒரே கோப்பு, இறக்கி வைத்தால் ஓடும். வைக்கிற இடம், கோப்புகளைத் தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை. இலவசக் கணக்கில் கோப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், எனக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் என்பது அவர்கள் சொல்லும் வரம்பு. 140 கேபி பக்கத்தை மாதம் ஏழு லட்சம் தடவை திறந்தால்தான் அதைத் தொடும். நீலகிரி ஃபிட்டர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இதையே படித்தாலும் எட்டாது.

விலாசத்தை மட்டும் அவர்களிடம் வாங்கவில்லை. டாட் இன் (.in) என்று முடியும் தளப் பெயர் ஒன்றைத் தனியாக வேறு நிறுவனத்தில் பதிவு செய்தேன். முதல் ஆண்டு 399, 18% ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய். அடுத்த ஆண்டிலிருந்து 899, வரியோடு 1,061. முதல் ஆண்டு விலையைப் பெரிய எழுத்திலும் புதுப்பிக்கும் விலையைச் சின்ன எழுத்திலும் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தைப் பார்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். வீடு வாடகை, கதவு எண் மட்டும் என்னுடையது. நாளைக்கு கிட்ஹப் பிடிக்கவில்லை என்றால் கோப்புகளைத் தூக்கிக் கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ வேறு எங்கோ வைத்து, பெயரை அங்கே திருப்பினால் போதும். படிக்கிறவருக்கு மாறியதே தெரியாது.

பெயரைத் திருப்புவதில் ஒரு மாலை போனது. கிட்ஹப் தரும் நான்கு ஐபி எண்களை, தளப் பெயருக்கு ஐபி எண் சொல்லும் பட்டியலான டிஎன்எஸ்ஸில் போட வேண்டும்: 185.199.108.153, மற்ற மூன்றில் 108-க்குப் பதில் 109, 110, 111. நான் முதல் எண்ணில் 185-ஐ 158 என்று அடித்து, அதையே நகல் எடுத்து மற்ற மூன்றையும் போட்டிருந்தேன். நான்கும் தப்பு, ஒரே மாதிரி தப்பு, அதனால் கண்ணில் படவே இல்லை. திருத்திய பிறகும் பழைய பதில் ஒரு மணி நேரம் நினைவில் நிற்கும், ஏனென்றால் அங்கே 3600 விநாடி என்று நானே விட்டிருந்தேன். அடுத்த தடவை மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 300 ஆக்கிவிடுவேன்.

பிறகு ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் சொந்தப் பெயர் அறுந்து, கிட்ஹப் கொடுத்த நீளப் பெயருக்கே போனது. பெயர் எழுதியிருக்கும் சின்னக் கோப்பு, புதிய பக்கங்கள் ஏறும்போது அழிந்துகொண்டிருந்தது. அதை ஹ்யூகோவின் ஸ்டாட்டிக் அடைவுக்குள் வைத்ததும் நின்றது.

நேரக் கோளாறு இன்னும் வேடிக்கை. காலையில் கடை திறக்கும் முன் எழுதுவேன். ஏற்றினால் வராது. மதியம் வேறு வேலைக்காக மறுபடி ஏற்றினால் வந்துவிடும். உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகல் (கேஷ்) என்று நினைத்து ஒரு வாரம் உலாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காரணம் இது: எதிர்காலத் தேதி போட்ட குறிப்பை ஹ்யூகோ வெளியிடாது. நான் 7:00 என்று எழுதினேன், எந்த ஊர் 7:00 என்று எழுதவில்லை. அது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டது. அங்கே 7 மணி ஆகும்போது கோத்தகிரியில் மதியம் 12:30. அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்தேன், முடிந்தது. தொடக்கத்தில் சொன்ன 7:12 இப்படி வந்ததுதான்.

இனி தமிழ். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன், தலைப்பே விலாசமாகட்டும் என்று. கோப்பு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (git) நிரலில் நிலவரம் கேட்டால் பேட்டரி என்ற பெயர் \340\256\252 என்று தொடங்கி எண்ணும் சாய்கோடுமாக வந்து நின்றது. அதை ஓர் அமைப்பு மாற்றத்தில் சரி செய்யலாம், செய்தேன். ஆனால் விலாசத்தை உலாவியிலிருந்து நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அங்கேயும் இதே கூத்து. எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். விலாசத்தில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. பேட்டரி என்பதில் ப, ஏகாரக் கொம்பு, ட, புள்ளி, ட, ர, இகரக் குறி என்று ஏழு குறியீடு. ஏழொன்பது 63. ஒரு பேட்டரிக்கு 63 எழுத்து. ஒருவர் கேட்டார்: "அண்ணா, இது வைரஸ் லிங்க்கா?"

கோப்புப் பெயரையும் விலாசத்தையும் எண்ணாக மாற்றினேன். 8-ஆம் குறிப்பு என்றால் பெயருக்குப் பின் சாய்கோடு, 8. தலைப்பு உள்ளே தமிழில் இருக்கட்டும். ஏற்கெனவே பகிர்ந்த நீள விலாசங்கள் அறுந்துவிடாமல் இருக்க, பழையதைப் புதியதற்குத் திருப்பும் வசதி ஹ்யூகோவில் உண்டு. ஐந்து குறிப்புக்கு அதைப் போட்டேன்.

இன்னொன்று, நீங்கள் பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுகிறவரானால் கவனியுங்கள். இலை வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆவது பற்றி ஐந்து குறிப்பு வைத்திருக்கிறேன். தொட்டி என்று தேடினால் மூன்றுதான் வந்தது. மற்ற இரண்டும் பழைய மாற்றி வழியாக வந்தவை. அவற்றில் "தொ" என்பது த, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று துண்டு துண்டாக இருந்தது. கைப்பேசியில் அடித்ததில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. எல்லாக் கோப்பையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு சின்ன நிரலை அக்கா மகள் எழுதிக் கொடுத்தாள். கூலி, டவுன் பேக்கரியில் ஒரு வர்க்கி பாக்கெட்.

படங்களுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கைப்பேசிப் படம் 4 எம்பி. அகலத்தை 1200 புள்ளிக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் 100 கேபிக்குள் நிற்கிறது, ரெசிஸ்டர் வளையத்தின் நிறமும் தெரிகிறது. 800 புள்ளியில் முயன்றேன்: ஆரஞ்சு எது சிவப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்குகிறேன். எந்த ஆலையில் எது கெட்டது என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மொத்தச் செலவு: பைக்காகச் செய்த வீம்பு 2,090, பெயருக்கு 471. உண்மையில் தேவைப்பட்டது அந்த 471 மட்டும்தான். மறுபடி தொடங்குவதானால் பெயரை முதல் நாளே வாங்குவேன், முதல் குறிப்பிலிருந்தே எண் போடுவேன், ஹ்யூகோவின் பதிப்பு எண்ணை நோட்டின் அட்டையில் எழுதி வைப்பேன். நடுவில் ஒரு தடவை அதைப் புதுப்பித்தபோது தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் முறித்துக்கொண்டது. பழைய பதிப்பு எது என்று தெரியாமல் ஒரு ராத்திரி போனது. கோப்புகள் கடை லேப்டாப்பில் ஒன்று, கிட்ஹப்பில் ஒன்று, அக்கா மகளின் பென் டிரைவில் ஒன்று. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் கைப்பேசியில் அலாரம், அக்காவின் கைப்பேசியிலும்.

போன செவ்வாய்க்கிழமை இலை சென்டருக்குத் தராசு பார்க்கப் போனேன். மூடியைத் திறந்தால் உள்பக்கத் தகரத்தில் என் தளத்தின் பெயரும் சாய்கோடும் 8-உம் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. அண்ணன்தான். "போன்ல தேடிட்டு இருக்க முடியுமா தம்பி, இங்கயே எழுதி வெச்சுட்டேன்" என்றார். அதோடு, "பச்சைய மைனஸுன்னு போட்டிருக்கீங்க, நம்ம செல்லுல வெள்ளைதான் மைனஸ்" என்றும் சொன்னார். பார்த்தேன், ஆமாம், மாற்றித்தான் எழுதியிருந்தேன். அதைத் திருத்தி ஏற்றியதுதான் நேற்று காலை 7:12. ஊறிய மூன்று நோட்டில் இரண்டு காய்ந்துவிட்டன, பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது இன்னும் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.